மகனின் நண்பர்களுக்கு வீட்டில் பீர் கொடுத்துவிட்டேன், கேஸ் ஆகுமா?

குழப்பத்தில் ஒரு அப்பா

சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், திட்ட நினைப்பவர்கள் திட்டிக்கொள்ளலாம்.

போன சனிக்கிழமை மகனுக்குப் பரீட்சை முடிந்ததென்று வீட்டில் சின்னதாக ஒரு கூட்டம். அவனுக்கு 17. வந்தவர்கள் ஐந்து பேர், எல்லாரும் ஒரே வகுப்பு. ராத்திரி ஒன்பது மணி வாக்கில் மகன் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான், "ஆளுக்கு ஒரு பீர் மட்டும்" என்றான். வேண்டாம் என்றால் நாளைக்கு எங்கேயாவது ஒளிந்து குடிக்கத்தான் போகிறார்கள், அதற்கு என் கண் முன்னால் ஒன்றோடு முடித்துவிடலாமே என்று தோன்றியது. ஃபிரிட்ஜில் இருந்த ஆறு கேனையும் நானே எடுத்து வந்து மேஜையில் வைத்தேன். ஒன்றுக்கு மேல் கிடையாது என்று கறாராகச் சொன்னேன். அப்புறம் மாடிக்குப் போய்விட்டேன், கீழே இருந்தால் பிள்ளைகள் கூச்சப்படுவார்களே என்று.

அதில் ஒரு பையன் ஸ்கூட்டரில் வந்தவன். பதினொன்றரைக்குக் கிளம்பியிருக்கிறான், எனக்குத் தெரியாது. பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தான். ஆனால் கதவைத் திறந்த அவன் அம்மாவுக்கு வாசனை தெரிந்துவிட்டது. மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் எனக்கு போன். "என் பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்க நீங்க யாரு?" என்றார். போலீசுக்குப் போவேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் காசுக்கு விற்கவில்லை. யாரையும் வற்புறுத்தவில்லை, அவர்களாகத்தான் கேட்டார்கள். ஒரே ஒரு கேன். இதற்கெல்லாம் கூடவா கேஸ் போடுவார்கள்? போட்டால் என்ன தண்டனை? என் மகனுக்கு நான் கொடுத்ததும் இதில் சேருமா?

---

நேர்வழி

அந்த அம்மா கேட்டதில் என்ன தப்பு? என் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் நான் போன் பண்ணியிருக்க மாட்டேன், நேரே வாசலுக்கு வந்திருப்பேன். "கண் முன்னால்" என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே "மாடிக்குப் போய்விட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள், திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள்.

---

பழைய கேஸ்கட்டு

எந்த நாடு என்று நீங்கள் சொல்லவில்லை. பதில் பாதி அதில்தான் இருக்கிறது. முப்பது வருஷமாகக் கோர்ட் வராந்தாவில் நின்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த "விற்கவில்லை" என்பதை மறந்துவிடுங்கள். கிட்டத்தட்ட எல்லாரும் அதைத்தான் கேடயம் மாதிரி தூக்கிக்கொண்டு வருகிறார்கள். விற்பது ஒரு குற்றம், சும்மா கொடுப்பது இன்னொன்று, மைனருக்காகக் கடையில் வாங்கித் தருவது வேறொன்று, குடிக்க இடம் கொடுப்பது அதுவும் தனி. நாட்டுக்கு நாடு இதில் எதைப் பிடிப்பார்கள் என்பதுதான் மாறும்.

இந்தியா என்றால் 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம், 77ஆவது பிரிவு. அங்கே "விற்றால்" என்ற பேச்சே கிடையாது, "கொடுத்தால் அல்லது கொடுக்கச் செய்தால்" என்றுதான் ஆரம்பிக்கும். மது, போதைப்பொருள், புகையிலை மூன்றுக்கும் ஒரே பிரிவு. ஏழு வருஷம் வரை கடுங்காவல், அதோடு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இதற்கு முன்பிருந்த 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூன்று வருஷம்தான் உச்சம், 2015இல் இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றிவிட்டார்கள். விதிவிலக்கு என்று அந்தப் பிரிவில் சொல்லியிருப்பது ஒன்றே ஒன்று: தகுதியுள்ள மருத்துவர் சொல்லிக் கொடுத்தால். பிள்ளை கேட்டான், ஒரு கேன்தான், நல்ல எண்ணத்தில் கொடுத்தேன், இவையெல்லாம் தண்டனையைக் குறைக்கச் சொல்லி வாதாட உதவலாம், குற்றமே இல்லை என்று சொல்ல உதவாது. பெற்றோருக்கும் அங்கே விலக்கு எழுதப்படவில்லை, அதனால் உங்கள் மகனுக்குக் கொடுத்ததும் கணக்கில் வரும்.

இங்கே ஒரு குழப்பம் எப்போதும் வரும். அந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் 18 நிரம்பாதவர். ஆனால் குடிப்பதற்கான வயதை மாநிலம்தான் வைக்கிறது: தமிழ்நாட்டில் 21, கேரளத்தில் 23, டெல்லியில் 25, கோவாவில் 18. ஆகவே சென்னையில் 19 வயதுக்காரருக்கு ஒரு கடைக்காரர் விற்றால் அது மாநில மதுவிலக்குச் சட்டத்தின் விதிமீறல், 77 அதில் வராது. 17 என்றால் இரண்டுமே வரும்.

ஸ்கூட்டர் விஷயம்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் 199ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். மைனர் வண்டி ஓட்டி ஒரு குற்றம் செய்தால் வண்டியின் உரிமையாளர் அல்லது பாதுகாவலர் மேல் பழி: மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஒரு வருஷத்துக்கு வண்டிப் பதிவு ரத்து, அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய கார் மோதி இரண்டு இளம் ஐ.டி. ஊழியர்கள் இறந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? முந்நூறு சொல்லில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்ததைத்தான் எல்லாரும் பேசினார்கள். அதே வழக்கில் பையனின் அப்பா மீதும், மது பரிமாறிய பார்க்காரர்கள் மீதும் சிறார் நீதிச் சட்டப் பிரிவுகளில் வழக்குப் போட்டுக் கைது செய்ததை அவ்வளவாக யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் யாரும் அந்தக் காரை ஓட்டவில்லை.

---

ரெண்டாம் ரவுண்டு

எல்லாரும் ரொம்பத்தான் பயமுறுத்துகிறீர்கள். ஐரோப்பாவில் சாப்பாட்டு மேஜையிலேயே பிள்ளைக்கு ஒயின் ஊற்றுகிறார்கள், அங்கே யார் ஜெயிலுக்குப் போனது? வீட்டில் பழக்கினால் அளவோடு குடிக்கக் கற்றுக்கொள்வான், மூடி வைத்தால்தான் கெடுவான். இது அனுபவம்.

---

பழைய கேஸ்கட்டு

@ரெண்டாம் ரவுண்டு, ஐரோப்பா என்பது ஒரு நாடு இல்லை சார். ஆனால் நீங்கள் சொல்வதில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். இங்கிலாந்தில் வீட்டுக்குள் பிள்ளைக்கு மது கொடுப்பது ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால்தான் நேரடிக் குற்றம். 1933ஆம் ஆண்டுச் சட்டம், இன்னும் நடப்பில் இருக்கிறது. உணவகத்தில் 16, 17 வயதுக்காரர் பெரியவரோடு உட்கார்ந்து சாப்பாட்டுடன் பீர், ஒயின், சைடர் குடிக்கலாம், வாங்குவது மட்டும் பெரியவராக இருக்க வேண்டும். கடையில் போய் மைனருக்கு வாங்கிக் கொடுத்தாலோ கதை வேறு, அதற்கு உச்சவரம்பே இல்லாத அபராதம்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் தன் பிள்ளைக்குத் தான் கொடுக்கலாம், ஆனால் பொறுப்பான மேற்பார்வையோடு. அடுத்தவர் பிள்ளைக்கு அந்தப் பிள்ளையின் பெற்றோர் அனுமதி இல்லாமல் கொடுத்தால் 11,000 டாலர் வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நியூசிலாந்தின் 2012ஆம் ஆண்டுச் சட்டமும் இதே போக்குதான், பெற்றோர் வாய்விட்டு வெளிப்படையாகச் சம்மதம் சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் 2,000 டாலர் வரை அபராதம். "அவங்க அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்று பையன் சொன்னது சம்மதம் ஆகாது.

அமெரிக்கா என்றால் எங்கும் 21. 1984இல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டு, 21க்கு ஏற்றாத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் வெட்டு என்றது. தெற்கு டகோட்டா மாநிலம் எதிர்த்து வழக்குப் போட்டு 1987இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. வயது ஒன்றாக இருந்தாலும் தண்டனை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸில் மைனருக்குக் கொடுத்தால் ஒரு வருஷம் வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். அங்கே பெற்றவர் தன் பிள்ளை கூடவே கண்ணில் படும்படி இருந்தால் விலக்கு உண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அந்த விலக்கு நீளாது. அதைவிடப் பெரியது சிவில் வழக்கு. 18க்குக் கீழே உள்ளவருக்கு நீங்கள் தெரிந்தே கொடுத்து, அல்லது உங்கள் இடத்தில் குடிக்க விட்டு, அந்தப் போதையால் யாருக்காவது சேதம் என்றால் நஷ்ட ஈடு உங்கள் தலையில். கலிபோர்னியாவில் மைனருக்கு வாங்கியோ எடுத்தோ கொடுத்தால் 1,000 டாலர் அபராதம், கூடவே குறைந்தது 24 மணி நேரம் சமூக சேவை. வாங்கிக் கொடுத்ததைக் குடித்து யாருக்காவது பலத்த காயமோ மரணமோ ஆனால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் உள்ளே இருக்க வேண்டும்.

இத்தனை ஊர்ச் சட்டத்திலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: உங்கள் பிள்ளைக்கு நீங்கள் கொடுப்பதைச் சில இடங்களில் கண்டும் காணாமல் விடுவார்கள். அடுத்தவர் பிள்ளைக்கு நீங்களாக முடிவெடுத்துக் கொடுப்பதை இவற்றில் பெரும்பாலான இடங்களில் விடுவதில்லை.

---

கல்லாப்பெட்டி

வாங்கிக் கொடுப்பது பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஒரு பல்பொருள் கடையில் நாலு வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவன் நான். பாட்டிலை ஸ்கேன் பண்ணியதும் திரை நின்றுவிடும், வயதைப் பார்த்தாயா என்று கேட்கும், நாம் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் நகரும். பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்றால் அந்தப் பொத்தானைக் கை தானாகவே அழுத்திவிடும், அதுதான் ஆபத்து. பார்க்க 25க்குக் கீழே தெரிந்தால் அடையாள அட்டை கேட்க வேண்டும் என்பது கடை வைத்திருந்த விதி. 18 என்று வைத்தால் தாடி வைத்த பதினாறெல்லாம் தப்பிவிடும் இல்லையா. முடியாது என்று அனுப்பியவர்களை ஒரு நோட்டில் எழுதி வைப்போம், நேரம், ஆள் எப்படி இருந்தார், என்ன வாங்க வந்தார் என்று. அந்த நோட்டு காலியாக இருந்தால் வந்து பார்க்கிற அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிடும், இவர்கள் யாரையுமே திருப்பி அனுப்பவில்லையா என்று.

அதிகாரிகளே பதினெட்டு நிரம்பாத ஒரு பையனிடம் காசைக் கொடுத்து உள்ளே அனுப்புவார்கள், நாம் விற்கிறோமா என்று பார்க்க. கூட வேலை பார்த்த ஒரு பெண் அப்படித்தான் மாட்டினாள். அட்டை கேட்டாள், அவனும் ஒன்றும் ஏமாற்றவில்லை, அட்டை இல்லை என்று உண்மையைத்தான் சொன்னான், வரிசை நீளமாக இருந்ததால் சரி போ என்று விட்டுவிட்டாள். 90 பவுண்டு அபராதச் சீட்டு அவள் பெயரில் வந்தது, கடையின் பெயரில் இல்லை. அபராதத்தைவிட வேலை போனதுதான் அவளுக்கு அடி.

பெரியவர்கள் வாங்கிக் கொடுப்பதைப் பிடிப்பது கஷ்டம், ஆனால் கண்ணில் படும். ஒருத்தர் வோட்கா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்க்கிறார், வெளியே நிற்கிற பையன் பெரிய பாட்டில் என்று கையால் அளவு காட்டுகிறான். இவர் திரும்பிப் போய் மாற்றி எடுத்து வருகிறார். நான் விற்கவில்லை. என்னைப் போட்டுக் கிழித்தார், மேனேஜரைக் கூப்பிடு என்றார், நான் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்ததும் போய்விட்டார்.

---

இரவுப்பணி

சட்டம் எனக்குத் தெரியாது, அவசரப் பிரிவில் நர்ஸ். நான் பார்ப்பது அந்த இரவின் கடைசி அத்தியாயத்தைத்தான்.

பயந்துபோன பெரியவர்கள் பண்ணுகிற தப்பு ஒன்று உண்டு. பையன் மயங்கிக் கிடப்பான், கேஸ் ஆகிவிடுமோ என்று ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் தண்ணீர் தெளிப்பார்கள், காபி போட்டுக் கொடுப்பார்கள், தூங்கினால் சரியாகிவிடும் என்று மல்லாக்கப் படுக்க வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். காபி போதையை இறக்காது. மல்லாக்கக் கிடப்பவன் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழலில் போகும். எழுப்பினால் எழாமல் இருந்தால், மூச்சு விட்டு விட்டு வந்தால், தோல் சில்லென்று நீலம் பாய்ந்திருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு உடனே கூப்பிடுங்கள், யாராவது பக்கத்திலேயே இருங்கள். கடைசி கிளாஸ் முடிந்த பிறகும் ரத்தத்தில் மதுவின் அளவு ஏறிக்கொண்டுதான் இருக்கும், அதனால் "இப்ப நல்லாத்தானே பேசினான்" என்பதற்கு அர்த்தமில்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் உதவி கேட்டுக் கூப்பிட்ட மைனர் மீதே குடித்ததற்காக வழக்குப் போடாமல் விட இதற்கென்றே சட்டம் வைத்திருக்கிறார்கள், பயத்தில் யாரும் கூப்பிடாமல் விட்டுவிடக் கூடாதே என்று.

@ரெண்டாம் ரவுண்டு, வீட்டில் பழக்கினால் அளவோடு இருப்பான் என்பதை ஆஸ்திரேலியாவில் சுமார் 1,900 பிள்ளைகளை ஆறு வருஷம் பின்தொடர்ந்து பார்த்தார்கள், 2018இல் லான்செட் மருத்துவ இதழ்க் குழுமத்தின் இதழ் ஒன்றில் வந்தது. பெற்றோர் கொடுத்ததால் எந்தப் பாதுகாப்பும் தெரியவில்லை. வீட்டில் மது கிடைத்த பிள்ளைகள் வெளியிலும் வாங்கிக் குடிப்பதுதான் கூடியிருந்தது.

---

ரெண்டாம் ரவுண்டு

சரி, புள்ளிவிவரத்தோடு வந்துவிட்டீர்கள், நான் என்ன சொல்ல. என் அப்பா எனக்கு ஊற்றிக் கொடுத்தார், நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று எழுத வந்தேன். என் புனைபெயரைப் பார்த்துவிட்டு அடித்து அழித்துவிட்டேன்.

---

குழப்பத்தில் ஒரு அப்பா

எல்லாருக்கும் நன்றி, திட்டியவர்களுக்கும் சேர்த்து. நாட்டின் பெயரை இங்கே போட விரும்பவில்லை, ஆனால் கேஸ்கட்டு சார் எழுதிய வரிசையில் என் நாடும் இருக்கிறது. படித்த பிறகு ராத்திரி தூக்கம் வரவில்லை.

இப்போது என்ன செய்யட்டும்? மகன் நண்பர்கள் குரூப்பில் அன்றைக்கு எடுத்த போட்டோக்கள் கிடக்கின்றன, ஒன்றில் மேஜை மேல் கேன்கள் தெரிகின்றன, அழிக்கச் சொல்லட்டுமா? அந்த அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டால் அதுவே ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடுமா?

---

பழைய கேஸ்கட்டு

போட்டோவைத் தொடாதீர்கள். பிள்ளைகளிடம் அழிக்கச் சொல்லவும் சொல்லாதீர்கள். புகார் வரும் என்று தெரிந்தே அழித்தால் இப்போது இருப்பதைவிடப் பெரிய சிக்கல், சாட்சியத்தை அழித்ததாகிவிடும். அதுவும் மைனர் பிள்ளைகளை வைத்து அழிக்கச் செய்தீர்கள் என்று ஐந்து வீட்டிலும் தெரிந்தால் உங்கள் பக்கம் பேச ஆளே இருக்காது. இந்த இழையிலும் இனி விவரம் எதுவும் போடாதீர்கள், ஏற்கெனவே போட்டதே அதிகம்.

உங்கள் ஊர் வக்கீல் ஒருவரை இன்றைக்கே பாருங்கள், புகார் வந்த பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். மன்னிப்பு விஷயத்தில் வக்கீல்கள் அநேகமாக "எழுத்தில் எதுவும் அனுப்பாதே" என்பார்கள், அது சரிதான், வாட்ஸப்பில் நீளமாக எதுவும் தட்டாதீர்கள். போய்ப் பார்ப்பதா என்பதையும் அவரிடமே கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். வாயால் சொன்னதும் சாட்சியாகலாம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் நான் பார்த்த வரையில் இந்த மாதிரிப் புகார்கள் பாதிக்கு மேல் குடித்ததற்காக வந்ததில்லை, கேட்டபோது "ஒரு கேன்தானே, இதுக்குப் போய்" என்று பதில் சொன்னதற்காக வந்தவை.

மற்ற நாலு வீட்டுக்கும் இன்னும் தெரியாது என்றால் அதையும் வக்கீலிடம் சொல்லுங்கள்.

---

நேர்வழி

அந்தப் பையன் வண்டி ஓட்டிப் போனது அவன் அம்மாவுக்குத் தெரியுமா, இல்லை யாரோ கொண்டு வந்து விட்டார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறானா? அதை யாரும் கேட்கவில்லையே.

---

குழப்பத்தில் ஒரு அப்பா

@நேர்வழி, அவருக்குத் தெரியாது. வக்கீலைப் பார்த்தேன், வாட்ஸப் வேண்டாம், போவதென்றால் நேரில் போங்கள், சாக்குச் சொல்லாதீர்கள் என்றார். போனேன். வாசலிலேயே நிற்க வைத்துத்தான் பேசினார். நான் ஆரம்பிப்பதற்குள், "நண்பன் ஒருவன் கொண்டு வந்து விட்டதாக என் மகன் சொன்னான், அந்த நண்பன் குடித்திருந்தானா?" என்று கேட்டார். ஸ்கூட்டர் அவர் தோள் பக்கத்தில்தான் நின்றது. யாரும் கொண்டு வந்து விடவில்லை என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் வண்டிச் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தன் மகனைக் கூப்பிட்டார். புகார் கொடுப்பாரா மாட்டாரா என்று எனக்கு இன்னும் தெரியாது, நானும் கேட்கவில்லை. வக்கீல் சொன்னபடி இதற்கு மேல் இங்கே எழுதப் போவதில்லை.